வெளிக்கிட்டாச்சு

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் செருப்பு ராக்கையின் மேல் தட்டில் எப்போதும் ஒரு பை இருக்கும். அது எங்களுடையது அல்ல. எதிர் வீட்டு அன்ரியுடையது. மண்ணிறப் பை. சிப் பழுதாகிப் போனதால் இரண்டு ஊசிகள் குத்தி மூடியிருக்கும். வீட்டுக்கு வருகிற யாராவது அதைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறீர்களா என்று கேட்பார்கள். நாங்கள் இல்லை, அன்ரி போகிறா என்போம். எப்போது என்று கேட்டால் எங்களுக்குத் தெரியாது. பல நேரம் அன்ரிக்கும் தெரியாது.

கலியாணமாகி வெள்ளவத்தையில் அந்தத் தொடர்மாடிக்கு நாங்கள் குடிவந்த முதல் வாரமே அவர் கதவைத் தட்டினார். புதிதாக வந்தவர்களை விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. வாசலிலேயே நின்று இடமும் வலமும் பார்த்தார்.

"பிள்ளை, உங்கட வாசல் வடக்குத்தானே?"

நான் அதுவரை அதை யோசித்ததில்லை. கடல் எந்தப் பக்கம், ரயில் எந்தப் பக்கம் என்று கணக்குப் பார்த்து ஓம் என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது. முன்பு இருந்த குடும்பம் நல்ல குடும்பம்தானாம், ஆனால் கதவைத் தட்டினால் திறக்க நேரம் எடுப்பார்களாம், அதற்குள் நேரம் கடந்துவிடுமாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் பை வந்தது.

நல்ல நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட முடியாதவர்கள், அந்த நேரத்துக்கு ஒரு பையைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவது எங்கள் ஆட்களிடம் உள்ள பழக்கம்தான். பை போய்விட்டால் ஆளும் போனதாகக் கணக்கு. பிறகு ராகு காலத்திலோ எமகண்டத்திலோ ஆள் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். என் அண்ணா வெளிநாடு போனபோது அம்மாவும் அப்படிச் செய்தார். ஆனால் அது கடல் கடந்த பயணம். அன்ரி பல் வைத்தியரிடம் போவதற்கும் பை வைத்தார். கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போவதற்கும், மின்சார பில் கட்டப் போவதற்கும், ஒரு முறை மொட்டை மாடியில் வற்றல் காயப்போடுவதற்கும் வைத்தார். அந்த ஊசி குத்திய பைக்குள் ஒரு சேலை, ஒரு சீப்பு, ஒரு பிஸ்கட் பக்கற், கைக்கு அகப்பட்ட வேறு ஏதாவது ஒன்று.

அந்த வேறு ஏதாவது ஒன்றுதான் அன்ரியின் கணவரான அங்கிளுக்குப் பிரச்சினை. ஒரு நாள் காலையில் அவர் சாரத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். மிகவும் அமைதியான மனிதர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "பிள்ளை, என்ர கண்ணாடி யாழ்ப்பாணம் வெளிக்கிட்டிட்டுதாம். ஒருக்கா எடுத்துத் தருவீங்களோ, பேப்பர் பாக்கவேணும்" என்றார். பையைத் திறந்தால் பயணம் முறிந்துவிடும் என்று அன்ரி சொல்லியிருந்தது எனக்கு நினைவு வந்தது. அங்கிளின் கண்ணும் முக்கியம், அன்ரியின் பயணமும் முக்கியம். கடைசியில் நான் பேப்பரை வாங்கி அவருக்கு வாசித்துக் காட்டினேன். மரண அறிவித்தல்கள் வரை வாசித்தேன். செய்தது சரியோ என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

புறப்பட்டாயிற்று என்ற அர்த்தத்தில் வெளிக்கிட்டாச்சு என்பது அன்ரியின் வாயில் நாளுக்குப் பத்துத் தரம் வரும் சொல். அவர் அடுப்பில் குழம்பை வைத்துத் துழாவிக்கொண்டு நிற்பார், கொட்டாஞ்சேனைத் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்பார், இவர் கரண்டியைத் தட்டியபடி வெளிக்கிட்டாச்சு என்பார். அது பொய் இல்லை. பை எங்கள் வீட்டில் இருந்தது. தங்கச்சி அங்கே உலையில் அரிசி போட்டுவிட்டுக் காத்திருப்பார். அன்ரி மூன்று நாள் கழித்துப் போவார்.

நான் நேர் எதிர். புறப்பட்ட பிறகும் புறப்படாதவள். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு அடுப்பு அணைத்தேனா என்று இறங்குவேன். மகன் பிறந்த பிறகு இது இன்னும் மோசமானது. பத்து மாதம் வரை நான் அவனை விட்டுக் கீழ் மாடிக் கடைக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. போகலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். என் கணவர் சொன்னார், கிளினிக்கில் நேர்ஸ் சொன்னார், அவன் பால் குடித்துத் தூங்கிய நேரங்களில் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். செருப்பைக் கொளுவுவேன். அப்போது உள்ளே ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருக்கும்.

அந்தச் சித்திரை மாதம் வெயில் உச்சியில் நின்றது. அன்ரி ஒரு துண்டுப் பிரசுரத்துடன் வந்தார். நகருக்கு வெளியே, சதுப்பு நிலத்தைச் சுற்றியிருக்கும் பூங்காவில், ஞாயிறு பின்னேரம் ஓட்டம். வேர்களும் மண்ணும் மரப்பாலமும் உள்ள பாதை. யாரும் சேரலாம். நடந்தாலும் ஓட்டம்தான். சேருகிறவர்களுக்கு ரீசேட் இலவசம். அன்ரியின் மச்சாள் ரொறன்ரோவில் இப்படி ஒரு ஓட்டத்தில் ஓடிய படத்தை எல்லாருக்கும் அனுப்பியிருந்தாராம். அந்த மச்சாளுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது என்பதும் எல்லாருக்கும் தெரியுமாம்.

"ரெண்டு பேருக்கும் பேர் குடுத்திட்டன் பிள்ளை. நீங்களும் நானும்."

"அன்ரி, பிள்ளை?"

"பிள்ளையைத் தம்பி பாப்பார். பெத்தவர்தானே."

என் கணவர் உள்ளேயிருந்து ஓம் என்று குரல் கொடுத்தார். எப்போதும் வேறு எதற்கும் அவ்வளவு கெதியாகக் குரல் கொடுக்காதவர்.

இரண்டு வாரம் நான் ஓடப் பழகவில்லை. மகனைப் போத்தலில் பால் குடிக்கப் பழக்கினேன். அவன் எந்தப் போத்தலையும் துப்பினான். கடைசியில் மஞ்சள் மூடி போட்ட ஒரு சின்னப் போத்தலை மட்டும் வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்டான், அதுவும் தகப்பன் மடியில் சாய்ந்து, என்னைக் காணாத இடத்தில். உலகத்தில் அப்படி ஒரு போத்தல்தான் இருந்தது. அதே மாதிரி இன்னொன்று வாங்கக் காலி வீதி முழுவதும் திரிந்தோம், கிடைக்கவில்லை. அந்தப் போத்தல் இருந்தால் ஒரு மணித்தியாலம் நான் இல்லாமல் அவன் இருப்பான். இல்லாவிட்டால் இல்லை. என் ஓட்டம் முழுவதும் அந்த மஞ்சள் மூடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்ரி மரைன் டிரைவில் பழகினார். சல்வாரும் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கடற்காற்றில் கைகளை வீசி நடப்பார். எதிரே தெரிந்தவர்கள் வந்தால் நின்று கதைப்பார். வெள்ளவத்தையில் அவருக்குத் தெரியாதவர்கள் குறைவு. ஆகவே அவருடைய பயிற்சி பெரும்பாலும் நின்றபடியே நடந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள்தான் அவர் கலண்டரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் பின்னேரம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை. ஓட்டம் ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. அவர் எங்கள் வீட்டுக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான் முதல் தடவை. நான் உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அப்படியென்றால் போகத் தேவையில்லை. ஆனால் அவர் ஏதோ யோசித்து எழும்பி, நாலு மணிக்கே போய்விடுவோம் என்றார். நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிறு நாலு மணிக்கெல்லாம் பூங்காவில் நின்றோம். அன்ரி, நான், கணவர், மகன், மகனுடைய பை. நீலப் பை, முன்னால் மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி. அதற்குள் ஐஸ் கட்டிகளோடு சுற்றிய போத்தல், நப்பிகள், மாற்று உடுப்பு, வயிற்று நோவுக்கு ஒரு மருந்து, சளி பிடித்தால் ஒரு மருந்து, சளியும் வயிறும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று தெரியாததால் இரண்டிலும் ஒவ்வொன்று கூடுதலாக. அவனுடைய சிவப்பு விளையாட்டுத் தொலைபேசியும் இருந்தது. அது பழுதான சாமான். நினைத்த நேரம் தானாக அடிக்கும். அடி மூடியின் ஸ்க்ரூ வழுக்கிப் போனதால் பற்றரியைக் கழற்றவும் முடியவில்லை. நடு இரவில் அது அடித்து நாங்கள் பாய்ந்து எழும்பிய நாட்கள் உண்டு.

புல்வெளி நிறையச் சனம். எல்லாரும் ஒரே பச்சை ரீசேட். ஒலிபெருக்கியுடன் ஒரு இளம் அமைப்பாளர், கணுக்கால் வரை இறுக்கமான காற்சட்டையுடன், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் கண்ணைக் கூசவைத்தது. கணவர் மகனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போனார். நான் பையைக் காலடியில் வைத்துவிட்டு இலக்கத் துண்டை ரீசேட்டில் குத்திக்கொண்டிருந்தேன். ஊசி விரலில் குத்திவிட்டது. நிமிர்ந்தபோது அன்ரியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் மருத மரங்களின் பக்கமிருந்து கைகளைத் தட்டிக்கொண்டு வந்தார், ஒரு வேலையை முடித்தவர் மாதிரி.

அதற்குப் பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, மகன் அழத் தொடங்கும் வரை. பால் நேரம். நான் கணவரிடம் கையை நீட்டினேன்.

"பையைத் தாங்கோ."

"நீர்தானே வைச்சிருந்தனீர்."

"நான் கீழ வைச்சனான். நீங்க எடுக்கேல்லையோ?"

"நான் பிள்ளையை எல்லோ எடுத்தனான்."

நாங்கள் இருவரும் புல்லைப் பார்த்தோம். அப்போது ஒலிபெருக்கியின் குரல் மாறியது. உற்சாகம் போய்விட்டது. ஓடும் பாதையில், முதல் வளைவில் ஆட்கள் உட்காரும் வாங்கின் கீழ், ஆளில்லாத பை ஒன்று காணப்பட்டிருக்கிறது. தயவுசெய்து எல்லாரும் பின்னால் போக வேண்டும். நீல நிறப் பை. அதில் ஒரு மிருகத்தின் படம்.

தனியாகக் கிடக்கும் பையைக் கண்டால் குண்டோ என்று ஊர் மீண்டும் மூச்சை அடக்கிக்கொண்ட காலம் அது. யாரும் கத்தவில்லை. பச்சை ரீசேட்டுகள் எல்லாம் ஒரே அலையாகப் பின்னால் நகர்ந்தன. காவலாளிகள் மரத்துக்கு மரம் கயிறு கட்டினார்கள். ஒரு பொலிஸ் சார்ஜன்டும் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். மோப்ப நாய் ஒன்று வரும் வரை யாரும் கிட்டப் போகக்கூடாதாம். நாய் பொரளைச் சந்தியில் வாகன நெரிசலில் நிற்கிறதாம்.

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"அன்ரி."

"ஓம் பிள்ளை, அது எங்கடதான்" என்றார் மெதுவாக. "நாலரைக்கு முன்னம் ஓட்டம் தொடங்கிற கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் வைச்சனான். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"உங்கட பையை வைச்சிருக்கலாமே?"

"என்ர பை உங்கட வீட்டில எல்லோ இருக்கு. அது நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டிட்டுது. ஒரு பையை ரெண்டு பயணத்துக்கு வைக்கலாமே?"

அவருடைய வாதத்தில் பிழை எங்கே என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். இப்போது எடுத்தால் பயணம் முறியும், ஆறு மணி வரை பொறுத்தால் நல்லதாம்.

மகன் பொறுப்பதாக இல்லை. அவனுடைய அழுகை மூன்றாம் கட்டத்துக்கு வந்திருந்தது. முதல் கட்டம் கேட்பது, இரண்டாவது கோபம், மூன்றாவதில் மூச்சை நிறுத்தி முகம் சிவப்பான். அந்தச் சனத்துக்கு நடுவில் மறைவு ஒன்றும் இல்லை, என்னிடம் குடிக்கவிட வழியில்லை. போத்தல் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வாங்கின் கீழ் இருந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருக்கும். சார்ஜன்ட் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் போவதாகக் கணவர் சொன்னார். வேண்டாம் என்றேன். சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரு தமிழ் ஆண் போய் அந்தப் பை என்னுடையது என்று சொல்வது எப்படி இருக்கும் என்று யோசித்தேன். ஒரு பெண் போனால் பரவாயில்லையா? பிள்ளையோடு போனால்? பிள்ளையைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு போவது சரியா? ஆனால் பை பிள்ளையுடையதுதானே. இப்படி நான் நின்று யோசித்தால் ஆறு மணி ஆகியிருக்கும், அன்ரியின் விருப்பப்படியே. மகன் மூச்சை நிறுத்தினான். நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தேன். அன்ரி பின்னால் வந்தார்.

கயிற்றடியில் நின்று, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், அது என்னுடைய பை என்று சொன்னேன். சார்ஜன்ட் திரும்பிப் பார்த்தார். பெரிய மீசை, வெயிலில் வியர்த்த முகம். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். நான் பரீட்சையில் மாதிரிச் சொன்னேன். பால். நப்பி. சட்டை. வயிற்று மருந்து. சளி மருந்து. இரண்டாவது வயிற்று மருந்து. ஏன் இரண்டு என்று கேட்டார். அதற்குத் தேவையான சிங்களம் என்னிடம் இருக்கவில்லை. வேறொன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்த நேரம் பை அடித்தது.

ட்ரிங், ட்ரிங் என்று, வாங்கின் கீழிருந்து, மிகத் தெளிவாக. சார்ஜன்ட் ஒரே எட்டில் மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். காவலாளி ஒருவர் தரையில் படுத்தார். எனக்குப் பின்னால் முழுப் பூங்காவும் குனிகிற சத்தம் கேட்டது. விளையாட்டுச் சாமான் என்பதற்குச் சிங்களத்தில் ஒரு சொல் இருக்கிறது. எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த நிமிடத்தில் அது என் தலையிலிருந்து வெளிக்கிட்டுப் போய்விட்டது. நான் மகனைச் சுட்டிக் காட்டினேன், காதைச் சுட்டிக் காட்டினேன், பையைச் சுட்டிக் காட்டினேன். இதனால் நிலைமை இன்னும் மோசமானது.

அன்ரி கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். யாரோ நில்லுங்கள் என்று கத்தினார்கள். அவர் கைகளை வீசி, மரைன் டிரைவில் நடப்பது போலவே நடந்துபோனார். வாங்கின் முன்னால் குந்தியிருந்து பையைத் திறந்து, நப்பிகளை ஒதுக்கி, சிவப்புத் தொலைபேசியை வெளியே எடுத்தார். அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. காதில் வைத்தார்.

"ஹலோ" என்றார். கொஞ்ச நேரம் கேட்டார். ஓம், ஓம் என்று தலையாட்டினார். பிறகு மரத்தடிக்கு வந்து அதைச் சார்ஜன்டிடம் நீட்டினார்.

"மஹத்தயாட."

ஐயாவுக்காம். பழக்கத்தில் அவரும் வாங்கிக் காதில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் கையிலிருந்ததைப் பார்த்தார். சிரித்த முகமும் இரண்டு சில்லும் உள்ள சிவப்புத் தொலைபேசி.

முதலில் சிரித்தது தரையில் படுத்திருந்த காவலாளி. பிறகு முன் வரிசை. பிறகு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாத பின் வரிசையும். அந்தச் சத்தத்தில் என் மகன் அழுகையை நிறுத்தி, யார் இவ்வளவு பேர் என்று பார்த்தான். சார்ஜன்ட் மட்டும் சிரிக்கவில்லை.

பையை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று அவர் அன்ரியிடம் கேட்டார். அன்ரி மறைக்கவில்லை. கையைக் காட்டி, வானத்தைக் காட்டி, அரைச் சிங்களத்தில் சொன்னார். நாலரை. ஆறு. ராகு காலய.

சார்ஜன்டின் முகத்தில் ஏதோ அசைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டம் தொடங்கும் கோட்டையும் சனத்தையும் பார்த்தார், இத்தனை பேரும் இந்த நேரத்திலா என்று நினைப்பவர் மாதிரி. எங்களுக்கு மட்டுமா ராகு. ஒலிபெருக்கிப் பையன் ஓடி வந்து இப்போது தொடங்கலாமா என்று கேட்டார். சார்ஜன்ட் மீசையைத் தடவிக்கொண்டு, தொடங்க முடியாது, பாதை முழுவதையும் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றார். எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பையன் கேட்டார்.

ஆறு மணி வரை ஆகும் என்றார் சார்ஜன்ட்.

அன்ரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

சோதனை என்ற பெயரில் இரண்டு பொலிஸ்காரர்கள் மரப்பாலம் வரை போய்க் கொக்குகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு மோப்ப நாய் வந்தது. அதற்கு மோப்பம் பிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து அதன் தலையைத் தடவினார்கள். இருட்டப் போகிறதென்று ஓட்டத்தை ஒரேயொரு சுற்றாகக் குறைத்தார்கள். பை அப்போதுதான் எங்கள் கைக்கு வந்தது. என் கணவர் மகனோடும் மஞ்சள் மூடிப் போத்தலோடும் ஒரு மரத்துக்குப் பின்னால் போனார். ஐஸ் கரைந்திருந்தது, பால் நன்றாகத்தான் இருந்தது, மூன்று தரம் மணந்து பார்த்தேன். அவன் போத்தலை வாயில் வைத்தானா துப்பினானா என்று எனக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்த்தால் என்னைக் கண்டுவிடுவான். ஆறு மணி தாண்டியதும் சார்ஜன்ட் தானே கையைத் தூக்கிக் கீழே விட்டார்.

ஓடினோம். ஓட்டம் என்று சொல்வது அதிகம். முதல் வளைவில் அந்த வாங்கைக் கடந்தபோது எனக்கு மகனின் அழுகை கேட்டது. நின்றேன். அது ஒரு பறவை. மரப்பாலத்தில் திரும்பவும் கேட்டது. அது பாலத்தின் ஆணி. பலகைகளுக்குக் கீழே தண்ணீர் செம்மஞ்சளாகக் கிடந்தது. அல்லித் தண்டுகளுக்கு நடுவில் கொக்குகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. நடுவழியில் ஒரு கபரகொய்யா, பெரிய நீர் உடும்பு, என் மகனைவிட இரண்டு மடங்கு நீளம், பாதையைக் குறுக்கே கடந்தது. ஓடியவர்கள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டில் நிற்பது போல நின்று அது போய் முடியும் வரை பொறுத்தோம். அது அவசரப்படவில்லை.

அந்த இடத்தில்தான் நான் உண்மையாகவே திரும்பினேன். வந்த வழியே போனால் இன்னும் அவன் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விடலாம் என்று கணக்குப் பார்த்தேன். அன்ரி மூச்சு வாங்கிக்கொண்டு என் பச்சை ரீசேட்டின் பின் நுனியைப் பிடித்தார்.

"எங்க போறீங்க?"

"அன்ரி, அவன் குடிச்சிருக்க மாட்டான்."

"திரும்பாதேங்கோ பிள்ளை. வெளிக்கிட்டாச்சு."

அதற்குப் பிறகு பாதை முழுவதும் அவர் அந்த நுனியை விடவில்லை. நான் இழுத்தேனா அவர் தள்ளினாரா தெரியாது, ஏதோ ஒரு வழியில் இரண்டு பேரும் முன்னால் போனோம். வேர்களில் இரண்டு தரம் தடுக்கினோம். எங்களைத் தாண்டி ஓடிய இளம் பெண்கள், ஹலோ அன்ரி என்று காதில் கை வைத்துக் காட்டினார்கள். அவரும் காதில் கை வைத்துப் பதில் சொன்னார். கோட்டுக்கு வந்தபோது மின்விளக்குகள் எரிந்தன. எங்களுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. நாய் மட்டும் வந்தது.

கணவர் விளக்கின் கீழ் உட்கார்ந்திருந்தார். போத்தல் காலி. மகன் அவர் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"நான் போனதும் அழுதவனோ?"

"இல்லை."

"கொஞ்சமும் தேடேல்லையோ?"

"தொலைபேசியைத்தான் தேடினவன்" என்றார். அது சார்ஜன்டிடம் இருந்தது. அவர் அதை மேசையில் வைத்து, சில்லை உருட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் திருப்பித் தந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்து அவன் எழும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் நான் கீழ் மாடிக் கடைக்குத் தனியாகப் போய்ப் பாண் வாங்கி வந்தேன். யாருக்கும் அது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை. அன்ரி மட்டும் கதவிடுக்கால் பார்த்துத் தலையாட்டினார். அன்று கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டியவர் அவர். போகவில்லை. கால் நோவாம்.

அன்ரியின் மகள் நுகேகொடையில் வீடு வாங்கி, தாய் தகப்பனைத் தன்னோடு கூப்பிட்டபோது ஒரு மாதத்துக்கு முன்பே பை எங்கள் ராக்கைக்கு வந்துவிட்டது. லொறி வந்த நாளில் கட்டில், அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, சாமிப் படங்கள் எல்லாம் போயின. கண்ணாடி தன் சட்டைப் பையில் இருக்கிறதா என்று அங்கிள் இரண்டு தரம் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினார். அவர்கள் போய் அரை மணித்தியாலம் கழித்துத்தான் பார்த்தேன். மண்ணிறப் பை ராக்கையிலேயே இருந்தது.

உடனே கூப்பிட்டேன். அன்ரி பதறவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கட்டும் பிள்ளை. நான் இப்ப நுகேகொடையில எல்லோ. என்ர பை உங்கட வீட்டில. அப்ப நான் வெள்ளவத்தைக்கு வெளிக்கிட்டாச்சு எண்டுதானே கணக்கு."

அது நடந்து இரண்டு வருடமாகிறது. நுகேகொடை என்ன ரொறன்ரோவா, பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வருகிற ஞாயிறு வருவதாகப் பல ஞாயிறுகள் சொன்னார். நாங்களாவது போயிருக்கலாம். மகள் பிறந்தாள், அவளுக்குச் சளி, பிறகு மகனுக்குச் சளி. இப்போது எதிர் வீட்டில் ஒரு வங்கி ஊழியரின் குடும்பம் இருக்கிறது. நல்ல ஆட்கள்தான். எந்த நேரத்திலும் வெளியே போவார்கள், சொன்ன நேரத்துக்குத் திரும்பி வருவார்கள்.

பையை அனுப்பிவிடலாமா என்று கணவர் ஒரு முறை கேட்டார். அனுப்பினால் பயணம் முறிந்துவிடாதா என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை அங்கிள் அன்ரியைப் பார்க்கும் பார்வை மாதிரி இருந்தது. நான் ராக்கையைத் துடைக்கும்போது பையைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைப்பேன். திறந்து பார்த்ததில்லை. உள்ளே பிஸ்கட் இருந்தால் எறும்பு வருமே என்று நினைப்பேன், ஆனாலும் திறந்ததில்லை.

போன கிழமை அப்படித்தான் தூக்கினேன். பைக்குள்ளிருந்து ட்ரிங், ட்ரிங் என்று அடித்தது. லொறி வந்த நாளிலிருந்து அந்தச் சிவப்புத் தொலைபேசியைக் காணவில்லை என்று மகன் ஒரு மாதம் அழுதான். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குப் பின்னால் எல்லாம் தேடினோம். அவன் அதை உள்ளே போட்டானா, அன்ரி கைக்கு அகப்பட்டது என்று எடுத்து வைத்தாரா தெரியாது. இவ்வளவு நாளும் ஒரு தரமும் அடிக்காமல் கிடந்தும் பற்றரி இன்னும் சாகவில்லை.

உள்ளேயிருந்து கணவர் கேட்டார்.

"ஆர் அது?"

"அன்ரி" என்றேன். "வெளிக்கிட்டாவாம்."